சிறுநீரக நிராகரிப்பும் நிர்ப்பீடனத் தூதுப்பொருள்களும்: ஒரு வரலாற்று நோக்கு

அறுவை மருத்துவத்தின் வரலாற்றிலே கை வென்ற பின்னரும் காரியம் தோற்ற நிகழ்ச்சிகள் சில உள. அவற்றுள் தலையாயது சிறுநீரக மாற்றீடு. 1902 ஆம் ஆண்டில் வியன்னா நகர அறுவை மருத்துவர் எமரிச் உல்மன், ஒரு நாயின் சிறுநீரகத்தை அதன் இடத்தினின்றும் அகற்றி, அந்நாயின் கழுத்துக் குருதிக்கலன்களோடு இணைத்தார். இடம் மாறிய உறுப்புச் சிறுநீரைச் சுரந்தது. அதே ஆண்டில் பிரான்சின் லியோன் நகரில் அலெக்சிஸ் கரெல் நாடியையும் நாளத்தையும் தைத்து இணைக்கும் செம்மையான முறையொன்றை வெளியிட்டார். பின்னர் அமெரிக்கா சென்று ஆய்வைத் தொடர்ந்த அவருக்கு 1912 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஊசியும் நூலும் செய்யக்கூடியவற்றை அவர் பெரும்பாலும் செய்து முடித்துவிட்டார் எனலாம். ஆயின், ஒரு விலங்கின் சிறுநீரகம் அவ்விலங்கின் உடலிலேயே வேறோரிடத்தில் வைக்கப்பட்டபோது நிலைத்தது. பிறிதொரு விலங்கின் உடலில் வைக்கப்பட்டபோது சில நாள்களுள் அழிந்தது. தையலிற் குறையில்லை, குருதி ஓட்டத்திலும் குறையில்லை. குறை வேறெங்கோ இருந்தது.

அக்குறை யாது என்னும் வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டு படிப்படியாக விடை கண்டது. உடல் அயலிழையத்தை இனங்கண்டு எதிர்க்கின்றது என்பது முதல் விடை. எதிர்ப்பவை குருதியில் உலவும் கலங்களே என்பது அடுத்த விடை. அக்கலங்கள் தம்முட் பரிமாறும் மூலக்கூறுகளே எதிர்ப்பைத் தொடக்கியும் பெருக்கியும் வழிநடத்துகின்றன என்பது மூன்றாவது. காலத்தாற் பிற்பட்டதும், மிகுந்த நம்பிக்கையையும் அதற்கிணையான மயக்கத்தையும் விளைவித்ததுமாகிய இம்மூன்றாம் விடையே ஈண்டு சிறப்பாக ஆராயப்படுகின்றது. எனினும் முன்னைய இரண்டையும் தொடாது மூன்றாவதை விளக்குதல் இயலாது.

1933 இல் உக்ரேனின் கெர்சன் நகரில் யூரி வொரொனோய் என்பவர் இறந்தவரொருவரின் சிறுநீரகத்தை மற்றொரு மனிதருக்குப் பொருத்தினார். மனித சிறுநீரகத்தை மனிதருக்கு மாற்றும் முயற்சிகளுள் முதலாவதாக இதுவே கருதப்படுகின்றது. நோயாளி இரண்டு நாள்களில் உயிர்நீத்தார். வழங்கியவர், பெற்றவர் ஆகிய இருவரின் குருதி வகைகளும் பொருந்தாதவை. உடலின் எதிர்ப்பு இன்னதென்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியவை சிறுநீரகம் பற்றிய ஆய்வுகள் அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்துத் தீப்புண்களே. கிளாஸ்கோ நகர மருத்துவமனையில் தீக்காயமுற்ற ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரனின் தோற்றுண்டுகளைப் பொருத்திய தோமஸ் கிப்சனும் பீற்றர் மெடவாரும் ஒன்றைக் கவனித்தனர். முதன்முறை வைத்த துண்டுகள் சில காலம் தாக்குப்பிடித்தன; அதே சகோதரனிடமிருந்து பெற்று இரண்டாம் முறை வைத்த துண்டுகள் விரைவாக அழிந்தன. உடல் முன்னையதை நினைவிற் கொண்டிருந்தது. நினைவு என்பது நிர்ப்பீடனத்தின் அடையாளம். 1943 இல் வெளிவந்த இவ்வவதானிப்பும், தொடர்ந்து மெடவார் முயல்களில் நிகழ்த்திய பரிசோதனைகளும் உறுப்பு நிராகரிப்பை அறுவை மருத்துவத்திலிருந்து நிர்ப்பீடனவியலுக்கு இடம்பெயர்த்தன.

மருத்துவமனைகளோ கோட்பாடு முதிரும்வரை காத்திருக்க இயலாதனவாயின. 1952 திசெம்பரிற் பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில், விபத்தில் தன் ஒரே சிறுநீரகத்தை இழந்த பதினாறு வயது இளைஞனுக்கு அவனுடைய தாயின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. மூன்று வாரங்கள் அது செவ்வனே தொழிற்பட்டது, பின்னர் நின்றுவிட்டது. தாயின் உறுப்பையும் மகனின் உடல் அயலானதாகவே கொண்டது. இரண்டாண்டுகளின் பின், 1954 திசெம்பர் 23 அன்று, பொஸ்ரன் நகரில் ஜோசப் மறேயும் அவருடன் பணியாற்றியோரும் ஒத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினர். முன்னதாகத் தோற்றுண்டுகளை மாற்றி வைத்து, அவை நிராகரிக்கப்படவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே அவர்கள் கத்தியை எடுத்தனர். பெற்றவர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்துச் சிக்கலின் வடிவம் முழுவதும் தெளிவாகும். பரம்பரை அமைப்பில் ஒன்றேயானவரிடையே எதிர்ப்பில்லை. தாய்க்கும் மகனுக்குமிடையே உண்டு.

உடல் எதனைக் கண்டு அயலென அறிகின்றது என்பதை இலண்டனிற் பீற்றர் கோரர், அமெரிக்காவில் ஜோர்ஜ் சினெல், பாரிசில் ஜோன் டோசே முதலியோர் வெளிப்படுத்தினர். கலங்களின் மேற்பரப்பிலுள்ள சில புரதங்கள் ஆளுக்காள் வேறுபடுவன என்பதும், அவ்வேறுபாடே ஒட்டின் நிலைபேற்றைத் தீர்மானிப்பதில் முதன்மையானது என்பதும் அவர்களது முடிபு. எதிர்ப்பை நிகழ்த்துவது யாது? குருதியின் நீர்ப்பாயத்தில் உலவும் பிறபொருளெதிரிகளே அதனைச் செய்கின்றன என்பது பலரும் கொண்டிருந்த கருத்து. 1954 இல் மிற்சிசன் சுண்டெலிகளில் வேறொன்றைக் காட்டினார். அயற் கட்டியை எதிர்த்து வென்ற சுண்டெலியின் நீர்ப்பாயத்தை மற்றொன்றுக்குச் செலுத்தியபோது எதிர்ப்பாற்றல் கடத்தப்படவில்லை. நிணநீர்க்கணுவின் கலங்களைச் செலுத்தியபோது கடத்தப்பட்டது. நிணநீர்க்குழியங்களோ அக்காலத்திற் பெரிதாக மதிக்கப்படாதவை. தொழில் இன்னதென அறியப்படாத சிறு கலங்கள். ஒக்ஸ்போர்ட்டில் ஜேம்ஸ் கவன்ஸ், அவை குருதியினின்று நிணநீருக்கும் நிணநீரினின்று குருதிக்கும் ஓயாது சுற்றி வருவன என்று நிறுவினார். 1961 இல் ஜாக்ஸ் மில்லர், பிறந்தவுடன் தைமசுச் சுரப்பி அகற்றப்பட்ட சுண்டெலிகள் அயற்றோலை நிராகரிக்கமாட்டாதவை எனக் கண்டார். தைமசில் முதிர்ச்சியுறும் அந்நிணநீர்க்குழியங்கள் பின்னர் ‘ரி’ கலங்கள் எனப் பெயர் பெற்றன. பயனற்றதென எண்ணப்பட்ட சுரப்பியும் தொழிலற்றதென எண்ணப்பட்ட கலமும் ஒரே பத்தாண்டிற்குள் நிர்ப்பீடனவியலின் நடுவிடத்திற்கு வந்தமை அறிவியல் வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று.

மூன்றாம் விடையின் தொடக்கம் மிக எளியதொரு பரிசோதனையில் உண்டு. இருவரின் வெண்குருதிக்குழியங்களை ஒரே கிண்ணத்தில் இட்டு வளர்த்தால், அவை ஒன்றையொன்று அயலெனக் கண்டு பருத்துப் பிளவுறும் என்பது 1964 இல் வெளிவந்தது. நிராகரிப்பின் முதற்கட்டம் கண்ணாடிக் கிண்ணத்துள் நிகழ்வது போன்றது இது. அடுத்த ஆண்டு மொன்றியல் நகரின் இரு ஆய்வுக்குழுக்கள் அக்கிண்ணத்தின் கலங்களை விடுத்து, அவை வளர்ந்த திரவத்தை எடுத்து வேறு கலங்களின் மேல் இட்டன. அக்கலங்களும் பிளவுறத் தொடங்கின. திரவத்தில் ஏதோ ஒன்று இருந்தது. கலங்கள் ஒன்றையொன்று தொட்டு மாத்திரமன்றி, பொருள்களைச் சுரந்து விடுத்தும் ஏவுகின்றன என்பது இதனாற் புலப்பட்டது. 1969 இல் இத்தகைய பொருள்களுக்கு இலிம்போகைன் என்றும், நிணநீர்க்குழியங்கள் அல்லாத கலங்களும் இவற்றைச் சுரப்பதை உணர்ந்து 1974 இற் சைற்றோகைன் என்றும் பெயர் வழங்கப்பட்டது. தமிழில் இவற்றை நிர்ப்பீடனத் தூதுப்பொருள்கள் எனலாம்.

இப்பொருள்களுக்குப் பெயரிடப்பட்ட முறை தனியே நோக்கத்தக்கது. அன்றைய ஆய்வாளர் கையில் தூய பொருள் எதுவும் இருக்கவில்லை. பல பொருள்கள் கலந்த திரவமே இருந்தது. ஆகவே திரவம் கிண்ணத்திற் செய்த வினையே பொருளின் பெயராயிற்று. 1957 இல் இலண்டனில் ஐசாக்சும் லிண்டன்மனும் வைரசின் பெருக்கத்தைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டு இன்ரபெரோன் என்றனர். 1975 இல் நியூயோர்க் ஆய்வாளர் சுண்டெலியின் கட்டியைக் கருகச் செய்த பொருளைக் கட்டியழிப்புக் காரணி என்றனர். 1976 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களில் மோர்கன், ரஸ்செற்றி, கலோ ஆகியோர் ரி கலங்களை நீண்டகாலம் வளரச்செய்யும் பொருளொன்றை அறிவித்தனர். அது ரி கல வளர்ச்சிக் காரணி எனப்பட்டது. ஒரு பொருளை முதலிற் கண்டவர் எந்த வாயில் வழியாகக் கண்டாரோ அந்த வாயிலின் பெயரே அதற்கு நிலைத்தது. கட்டியழிப்புக் காரணியின் பெருந்தொழில் அழற்சியை மூட்டுவதே என்பது பின்னர் தெரிந்தும் பெயர் மாறவில்லை. பெயர் மாறாமை சிறு செய்தி. பெயரோடு வந்த எண்ணம் மாறாமையே பெரிது.

1979 இல் ரி கல வளர்ச்சிக் காரணி இன்ரலூக்கின் 2 எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1983 இல் யப்பானிய அறிஞர் தனிகுச்சியின் குழுவினர் அதன் பரம்பரையலகைப் பிரித்தெடுத்து, 133 அமினோவமிலங்களாலான அதன் கட்டமைப்பை வெளியிட்டனர். கலவைத் திரவத்தின் காலம் அத்துடன் முடிந்தது. தூய பொருளும் அதற்குரிய பிறபொருளெதிரியும் கைக்கெட்டியதும், நிராகரிப்பின் வரைபடமொன்று உருவாயிற்று. அது பின்வருமாறு அமையும். ஒட்டப்பட்ட சிறுநீரகத்தோடு வழங்கியவரின் கிளைநீட்டங்கொண்ட கலங்களும் பயணஞ் செய்கின்றன. இலண்டனில் லெக்லரும் பச்சலரும் 1982 இல் எலிகளில் இதனை அழகாகக் காட்டினர். இப்பயணிக் கலங்கள் நீங்கிய சிறுநீரகத்தை மற்றோர் எலிக்குப் பொருத்தியபோது எதிர்ப்பு எழவில்லை; வழங்கிய இனத்தின் கிளைக்கலங்களைச் சிறிதளவு செலுத்தியதும் எதிர்ப்பு மீண்டது. இக்கலங்களைச் சந்தித்த ரி கலம் விழித்தெழுந்து இன்ரலூக்கின் 2 ஐச் சுரக்கின்றது. அதனை ஏற்கும் வாங்கியையும் தன் மேற்பரப்பிற் காட்டுகின்றது. தான் சுரந்ததைத் தானும் ஏற்று, அயலிலுள்ளவையும் ஏற்கச் செய்து, ஒன்று பலவாகப் பெருகுகின்றது. பெருகிய கலங்கள் இன்ரபெரோன் காமாவைச் சுரக்க, சிறுநீரகத்தின் சிறுகுழாய்க் கலங்களும் குருதிக்கலன்களின் உட்படலமும் தம் அடையாளப் புரதங்களை முன்னிலும் மிகுதியாக வெளிக்காட்டுகின்றன. ஒளிந்திருக்க வேண்டிய உறுப்பு விளக்கேற்றி நிற்பதுபோலாகின்றது. இன்ரபெரோனின் ஏவலாற் பிறக்கும் வேறு சில தூதுப்பொருள்கள் மேலும் மேலும் நிணநீர்க்குழியங்களைக் குருதியினின்றும் சிறுநீரகத்துள் ஈர்க்கின்றன.

இவ்வரைபடம் வருமுன்னரே மருந்துகள் வந்துவிட்டமை இவ்வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. 1959 இற் பொஸ்ரன் நகரத்தில் சுவாட்சும் டமெசெக்கும், புற்றுநோய்க்கான மருந்தொன்று முயல்களின் நிர்ப்பீடன எதிர்ப்பை அடக்குவதைக் கண்டனர். இங்கிலாந்தின் றோய் கால்ன் அதனை நாய்களின் சிறுநீரக மாற்றீட்டிற் பயன்படுத்தினார். அதன் வழிவந்த அசதயோப்பிரீனோடு பிறெட்னிசோனைச் சேர்த்து வழங்கும் முறையை 1963 இல் டென்வர் நகரின் தோமஸ் ஸ்ராட்சில் நிலைநாட்டினார். அடுத்த இருபது ஆண்டுகள் உலகெங்கும் அதுவே வழக்கு. பிறெட்னிசோன் எதனாற் பயன்தருகின்றது என்பது அன்று தெளிவாகவில்லை. தூதுப்பொருள்களின் பரம்பரையலகுகளை விழிப்பிக்கும் புரதமொன்றைக் கட்டிவைக்கும் மற்றொரு புரதத்தை அது பெருக்குகின்றது என்பதை 1995 இலேயே அமெரிக்க ஆய்வுக்குழுக்கள் இரண்டு வெளியிட்டன. மூன்று தசாப்தங்களாக மருத்துவர்கள் தாம் அறியாமலே தூதுப்பொருள்களை அடக்கி வந்தனர்.

சைக்குளோஸ்போரின் என்னும் மருந்தின் வருகை வேறுவகையானது. நோர்வேயின் ஹார்டங்கர் மேட்டுநிலத்து மண்ணிலிருந்து பெறப்பட்ட பங்கசு ஒன்று, சுவிற்சர்லாந்தின் பாசல் நகர மருந்து நிறுவனமாகிய சான்டோசில் ஆராயப்பட்டது. அது சுரக்கும் பொருள் நிணநீர்க்குழியங்களின் எதிர்வினையை அடக்குவதையும், மற்றைய பிளவுறுங் கலங்களை அழிக்காமையையும் ஜோன் பிரான்சுவா போரல் 1976 இல் அறிவித்தார். 1978 இற் கேம்பிரிட்ஜில் றோய் கால்ன் அதனை நோயாளருக்கு வழங்கிய செய்தி வெளியாயிற்று. 1983 இல் வெளிவந்த ஐரோப்பியப் பன்மைய ஆய்வில், பழைய மருந்துகளைப் பெற்றோருள் நூற்றுக்கு 52 பேரின் ஒட்டுகள் ஓராண்டு நிலைத்திருக்க, சைக்குளோஸ்போரின் பெற்றோரிடையே அது 72 ஆயிற்று. எண்பதுகளின் தொடக்கத்திலேயே இம்மருந்து ரி கலம் இன்ரலூக்கின் 2 ஐ ஆக்குவதைத் தடுக்கின்றது என்பது தெரியவந்தது. 1991 இல் ஸ்ருவட் சிறைபர் முதலியோர் அதன் இலக்கு கல்சினியூரின் என்னும் நொதியம் என நிறுவினர். யப்பானிய மண்ணின் வேறோர் உயிரியிலிருந்து பெறப்பட்ட தக்ரோலிமசும், மூலக்கூற்றமைப்பில் முற்றிலும் வேறுபட்டதாயிருந்தும், அதே நொதியத்தையே தாக்குவதை அவர்கள் கண்டனர். இரு நாடுகளின் மண்ணிற் பிறந்த இரு பொருள்கள் ஒரே கதவை அடைப்பது கண்ட ஆய்வாளர், நிராகரிப்பின் திறவுகோல் இன்ரலூக்கின் 2 என முடிவு செய்ததிற் குறைகாண்பதற்கில்லை.

கல்சினியூரின் ரி கலத்துக்கு மட்டும் உரியதன்று. சிறுநீரகத்துள்ளும் அது உண்டு. சைக்குளோஸ்போரின் சிறுநீரகத்தைப் பாதிப்பதைக் கால்ன் தம் முதல் நோயாளரிடமே கண்டார். சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தே சிறுநீரகத்தைச் சிறுகச் சிறுகக் கெடுக்கும் இந்நிலையே, தூதுப்பொருளை அதன் பிறப்பிடத்தில் அன்றி, சென்றடையும் இடத்தில் தடுத்தல் நன்றென்னும் எண்ணத்தை வளர்த்தது. ஓய்விலுள்ள ரி கலத்தில் இன்ரலூக்கின் 2 க்கான முழு வாங்கி இல்லை. விழித்தெழுந்த கலத்திலேயே அது தோன்றுகின்றது. 1981 இல் வால்ட்மனும் அவருடன் ஆய்ந்தோரும் அவ்வாங்கியைப் பற்றிக்கொள்ளும் தனிவகைப் பிறபொருளெதிரி ஒன்றை ஆக்கியிருந்தனர். ஒட்டை எதிர்த்தெழுந்த கலங்களை மாத்திரம் தடுத்து, ஏனையவற்றைத் தீண்டாதுவிடும் மருந்துக்கு இதனினும் சிறந்த இலக்கு வேண்டுமோ?

இதனிடையே தூதுப்பொருள்களின் வன்மையைக் கடுமையான முறையிற் கற்பித்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. ரி கலங்களின் மேலுள்ள பிறிதொரு புரதத்தைப் பற்றும் ஓ.கே.ரி. 3 என்னும் பிறபொருளெதிரி 1986 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மனிதருக்கு வழங்க அங்கு அங்கீகரிக்கப்பட்ட முதலாவது ஓரினப் பிறபொருளெதிரி இதுவே. முந்திய ஆண்டு வெளியான ஒப்பீட்டாய்வில், கடும் நிராகரிப்பை நூற்றுக்கு 94 நோயாளரில் இது மீட்டது. ஸ்ரீரொயிட்டு மருந்து மீட்டது 75 பேரிலேயே. எனினும் முதல் ஊசி ஏற்றிய சில மணி நேரத்துள் நோயாளர் கடுங்குளிரும் காய்ச்சலும் கண்டு நடுங்கினர். சிலரின் நுரையீரலில் நீர் கோத்தது. மருந்து ரி கலங்களை அடக்குமுன் அவற்றை ஒருங்கே தட்டியெழுப்ப, கட்டியழிப்புக் காரணியும் இன்ரபெரோன் காமாவும் குருதியில் வெள்ளமெனப் பெருகியதே காரணம் என்பது 1989 அளவில் உறுதியாயிற்று. கிண்ணத்துள் நுண்ணளவிற் கண்டறியப்பட்ட பொருள்கள் மனித உடலிற் கட்டவிழ்ந்தால் என்ன நேரும் என்பதைச் சிறுநீரக நோயாளரே முதலிற் காட்டினர். அம்மருந்து பின்னர் வழக்கொழிந்தது.

வாங்கியைத் தடுக்கும் மருந்துகள், டக்ளிசுமாப் 1997 இலும் பசிலிக்சிமாப் 1998 இலுமாக, நோயாளரை வந்தடைந்தன. டக்ளிசுமாப் ஆய்வில், ஆறு மாதங்களுள் கடும் நிராகரிப்புக் கண்டோர் நூற்றுக்கு 35 இலிருந்து 22 ஆகக் குறைந்தனர். பக்கவிளைவுகள் மிகச் சில. இது பெரும்பேறே. ஆயினும், இன்ரலூக்கின் 2 நிராகரிப்பின் ஒரே திறவுகோல் எனில், வாங்கி முற்றாக அடைபட்ட பின்னரும் 22 பேரில் நிராகரிப்பு எவ்வாறு நிகழ்ந்தது? வேறு மருந்துகளையும் கூடவே பெற்ற நோயாளர் அவர்கள் என்பதையும் மறத்தலாகாது.

விடை சுண்டெலிகளிடமிருந்து வந்தது. இன்ரலூக்கின் 2 இன் பரம்பரையலகு நீக்கப்பட்ட சுண்டெலிகள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆக்கப்பட்டன. ரி கல வளர்ச்சிக் காரணியே இல்லாத விலங்கில் எதிர்ப்பாற்றல் குன்றிக் கிடக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. நிகழ்ந்தது நேர்மாறானது. 1993 இல் வெளியான ஆய்வின்படி அவற்றின் நிணநீர் உறுப்புகள் வீங்கின, குடல் அழற்சியுற்றது, உடல் தன்னையே தாக்கத் தொடங்கியது. 1995 இற் பொஸ்ரன் நகரின் ஸ்ரோம் முதலியோர், இச்சுண்டெலிகள் அயல் விலங்கின் சதைய இழையத்தைத் தடையின்றி நிராகரிப்பதைக் காட்டினர். நிராகரிப்புக்கு இன்ரலூக்கின் 2 இன்றியமையாததன்று. இன்ரலூக்கின் 15 போன்ற வேறு தூதுப்பொருள்களும் அதன் வேலையிற் சிலவற்றைச் செய்யவல்லன. இன்ரலூக்கின் 2 இன்றி நடவாதது வேறொன்று. அதே 1995 இல் யப்பானிய அறிஞர் சிமோன் சகாகுச்சி, எதிர்ப்பைத் தூண்டாது அடக்கும் ரி கலங்களின் தனி வகுப்பொன்றை இனங்கண்டார். அவற்றை ஏனையவற்றினின்றும் பிரித்தறிய அவர் கொண்ட அடையாளம் இன்ரலூக்கின் 2 இன் வாங்கியே. இக்கட்டுப்படுத்துங் கலங்கள் அவ்வாங்கியை எந்நேரமும் தாங்கி நிற்பன. ஆயின் இன்ரலூக்கின் 2 ஐத் தாமே ஆக்கமாட்டாதன. பிற கலங்கள் சுரப்பதை உண்டே அவை வாழ்கின்றன. இக்கண்டுபிடிப்புக்காகச் சகாகுச்சி, பிறங்கோ, ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025 ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இருபதாண்டுகளாகத் தாக்குதலின் முரசென எண்ணப்பட்ட பொருள், தாக்குதலை நிறுத்துவோரின் உணவுமாயிருந்தது. ‘வளர்ச்சிக் காரணி’ என்னும் பழம் பெயர் பொய்யன்று; எதனை வளர்க்கின்றது என்பதை மாத்திரம் அது சொல்லவில்லை. கல்சினியூரினை அடைக்கும் மருந்துகள் நிராகரிக்குங் கலங்களோடு கட்டுப்படுத்துங் கலங்களையும் பட்டினியிடுகின்றன. ஒட்டை உடல் தானாகவே ஏற்றுக்கொள்ளும் நிலை இம்மருந்துகளைப் பெறுவோரிடம் அருமையாகவே தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமெனக் கருத இடமுண்டு.

இன்ரபெரோன் காமாவின் கதையும் இவ்வாறே திரும்பியது. கனடாவின் எட்மன்ரன் நகரில் பிலிப் ஹலரனும் அவருடன் ஆய்ந்தோரும் இன்ரபெரோன் காமாவின் வாங்கி இல்லாத சுண்டெலிகளின் சிறுநீரகங்களைப் பிற சுண்டெலிகளுக்குப் பொருத்தினர். இன்ரபெரோனின் ஏவலை ஏற்க இயலாத உறுப்பு, தன் அடையாளப் புரதங்களை மிகுதியாக வெளிக்காட்டாது; ஆகவே நீடித்திருக்கும் என்பதே முன்னைய வரைபடத்தினின்று எழும் எதிர்பார்ப்பு. அவ்வுறுப்புகளோ சில நாள்களிற் குருதியோட்டம் அற்றுக் கருகின. இன்ரபெரோன், தாக்குவோரை அழைக்கும் அதேவேளை, தாக்கப்படும் இழையத்துக்குத் தற்காப்பையும் அளிக்கின்றது என்பது 2001 இல் வெளியிடப்பட்ட அவர்களது முடிபு. ஒட்டை ஏற்கச் செய்யும் சிகிச்சை முறையொன்று இன்ரபெரோன் காமா அற்ற சுண்டெலிகளிற் பயன்தராமை 1998 இலேயே அறியப்பட்டிருந்தது. விளக்கேற்றி நிற்பதாகச் சொல்லப்பட்ட உறுப்பு, அவ்விளக்கு இல்லாவிடின் இன்னும் விரைவில் மடிகின்றது.

பிறபொருளெதிரிகளின் பங்கு இவ்விடத்தே சுருக்கமாகவேனும் கூறப்படல் வேண்டும். கலங்களின் மேல் கவனம் குவிந்த காலத்தில் அவை பின்தள்ளப்பட்டன. 1969 இற் பற்றேலும் ரெரசாக்கியும் 225 மாற்றீடுகளை ஆராய்ந்து, வழங்குவோரின் கலங்களுக்கெதிரான பிறபொருளெதிரிகளை முன்னரே கொண்டிருந்த 30 பேருள் 24 பேரின் ஒட்டு உடனடியாகச் செயலிழந்ததையும், அவை இல்லாத 195 பேரில் 8 பேருக்கே அவ்வாறு நேர்ந்ததையும் காட்டினர். மாற்றீட்டுக்கு முன் இருவர் குருதியையும் கலந்து சோதிக்கும் வழக்கம் இதனால் நிலைபெற்றது. மாற்றீட்டின் பின் புதிதாகத் தோன்றும் பிறபொருளெதிரிகளின் கேடு மெல்லவே உணரப்பட்டது. 2003 இற் சிட்னி நகர ஆய்வு, பத்தாண்டு கழிந்த ஒட்டுகளிற் கல்சினியூரின் மருந்துகளின் நச்சுவிளைவு அநேகமாக எங்கும் காணப்படுவதாகக் கூறியது. அச்சிதைவிற் பெரும்பகுதி பிறபொருளெதிரிகளால் விளைந்ததே எனப் பின்வந்த ஆய்வுகள் வாதிட்டன. மருந்தைக் குறைத்தால் பிறபொருளெதிரி எழுகின்றது, கூட்டினால் நஞ்சாகின்றது. நாடோறும் நோயாளரும் மருத்துவரும் நடக்கும் வரம்பு இவ்விரண்டுக்கும் இடையிலுள்ளது.

2011 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பெலற்றாசெப்ற், தூதுப்பொருளையோ அதன் வாங்கியையோ தொடுவதில்லை; கிளைக்கலம் ரி கலத்துக்குத் தொடுகையால் அளிக்கும் இரண்டாவது ஏவலை மறிக்கின்றது. முதலாண்டிற் கடும் நிராகரிப்பு சைக்குளோஸ்போரின் பெற்றோரிலும் பார்க்க இதனைப் பெற்றோரிடம் மிகுதி. ஆயின் 2016 இல் வெளியான ஏழாண்டு முடிவுகளில், இறப்பு அல்லது ஒட்டிழப்பு நேரும் வாய்ப்பு இவர்களிடையே நூற்றுக்கு 43 பங்கு குறைந்திருந்தது. கடும் நிராகரிப்பின் எண்ணிக்கையே மருந்தின் தரத்துக்கு அளவுகோல் என நாற்பதாண்டு கொண்டிருந்த கருத்தை இது அசைத்தது. வேறொரு திசையில், நோயாளரின் கட்டுப்படுத்துங் கலங்களை உடலுக்கு வெளியே பெருக்கி மீளச் செலுத்தும் முயற்சிகள் நடந்தன. அவற்றின் முடிவுகள் 2020 இல் வெளியாயின. உயிருள்ளோரின் சிறுநீரகத்தைப் பெற்ற சிலரில், மருந்தைக் குறைத்தும் நிராகரிப்பு மிகவில்லை. அக்கலங்களை வெளியே பெருக்குவதற்கு இடப்படும் ஊட்டப்பொருள் இன்ரலூக்கின் 2.

தூதுப்பொருள்களைத் தடுப்பதற்கன்றி, அவற்றின் சுவடுகளை வாசிப்பதற்கான முயற்சியும் இதனோடு வளர்ந்தது. ஒட்டின் நிலையை அறிய ஊசியேற்றி இழையத்துண்டு எடுத்துச் சோதித்தல் நெடுங்கால வழக்கு. அது நோவும் இடரும் உடையது. சேதம் நேர்ந்த பின்னரே பெரும்பாலும் செய்யப்படுவது. நியூயோர்க் நகரில் மாணிக்கம் சுதந்திரனைத் தலைவராகக் கொண்ட ஆய்வாளர் குழு, நிராகரிக்குங் கலங்கள் சிறுநீரோடு வெளிவருவதைப் பயன்படுத்தியது. அக்கலங்கள் கொல்லும் புரதங்களை ஆக்குவதற்கு எழுதிய ஆர்.என்.ஏ. ஏவல்கள் சிறுநீரிலேயே அளக்கத்தக்கன என்பதை அக்குழு 2001 இல் அறிவித்தது. 2013 இல் அவர்களும் பிற மையங்களும் சேர்ந்து 485 நோயாளரின் 4,300 சிறுநீர் மாதிரிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு மூன்று அளவைகளை உடையது. ஒன்று ரி கலத்துக்குரியது, ஒன்று ஒப்பீட்டுக்கானது, மற்றது இன்ரபெரோன் காமாவின் ஏவலாற் பிறக்கும் ஐ.பி. 10 என்னும் தூதுப்பொருளின் ஆர்.என்.ஏ. இம்மூன்றின் கூட்டுக்குறி, இழையச் சோதனை நிராகரிப்பை உறுதிசெய்வதற்கு ஏறத்தாழ 20 நாள்களுக்கு முன்பே தெளிவாக உயர்ந்திருந்தது.